தோல்வியைப் பத்தி காலேஜ்ல பேச கூப்பிட்டிருக்காங்க, என்னத்தைப் பேசறது?

மோட்டார்_பொட்டி | செவ்வாய் இரவு 10:42

வணக்கம்ங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் படிச்ச காலேஜ்ல (கோயமுத்தூர் பக்கம், பேரு வேண்டாம்) அடுத்த வாரம் ஸ்டார்ட்அப் விழா. எனக்கு இருபது நிமிஷம். தலைப்பு "தோல்வியைக் கொண்டாடுவோம்". போஸ்டர்ல என் போட்டோ, பின்னாடி ஒரு ராக்கெட் வேற. சரின்னு சொல்லிட்டேன், இப்ப உக்காந்து எழுதலாம்னா ஒரு வரி வரமாட்டேங்குது.

கதை இதுதான். 2015ல நானும் ரூம்மேட்டும் ஆரம்பிச்சோம். தோட்டத்து மோட்டாரை வீட்ல இருந்தே ஃபோன்ல போடற பொட்டி. எங்க அப்பாருக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் த்ரீ பேஸ் வரும், டார்ச்சை எடுத்துட்டு வாய்க்கா மேலயே நடந்து போயி மோட்டார் போட்டுட்டு வருவாரு, மழைக்காலத்துல ரெண்டு தடவை வழுக்கி விழுந்திருக்காரு. அதைப் பார்த்து வந்த ஐடியா. இதை நாங்கதான் கண்டுபிடிச்சோம்னு சொல்லல, மகாராஷ்டிராவுல எங்களுக்கு ரொம்ப முன்னாடியே செஞ்சவங்க இருக்காங்க. நாங்க சேர்த்தது என்னன்னா ஒரு பேஸ் போச்சுன்னா காயில் கருகறதுக்கு முன்னாடி கட் பண்ணும், கிணத்துல தண்ணி வத்துனா ஆம்ப்ஸ் எறங்கறதைப் பார்த்து நிறுத்திரும்.

முதல் தப்பு, ஒரு வருஷம் உக்காந்து ஆப் எழுதினோம். கிராஃப் எல்லாம் வரும், எத்தனை மணி நேரம் ஓடுச்சு, வோல்டேஜ் எவ்வளவுன்னு. ஒரு ஆளு திறக்கல. எல்லார்கிட்டயும் பட்டன் ஃபோன். மிஸ்டு கால் குடுத்தா ஓடணும், இன்னொண்ணு குடுத்தா நிக்கணும், காசு போகக்கூடாது, அவ்வளவுதான் கேட்டாங்க. மாசம் 99 ரூபா சந்தானு சொன்னப்ப அன்னூர்ல ஒரு பெரியவர் கேட்டாரு, "கெணறு என்னுது, மோட்டார் என்னுது, கரண்டு கவர்மெண்டு சும்மா குடுக்குது, உனக்கு எதுக்கு கண்ணு மாசாமாசம்?" என்கிட்ட பதில் இல்ல. சந்தாவை எடுத்துட்டு 4,800 ரூபாய்க்கு பொட்டியா வித்தோம், சிம் எங்க செலவு. வித்துச்சுங்க. 1,140 பொட்டி. கெணத்துக்கடவுல இருந்து சத்தியமங்கலம் வரைக்கும்.

ரெண்டாவது தப்புதான் கொன்னது. சிம் எல்லாம் கம்பெனி பேர்ல, எல்லாம் ஒரே நெட்வொர்க்கு. மொத்தமா வாங்கினா சல்லிசா கிடைச்சுது. 2018 பிப்ரவரில அந்த நெட்வொர்க்கு படுத்துருச்சு. தமிழ்நாட்ல இருந்தவங்களுக்கு பேரு சொல்லத் தேவையில்ல, ஏர்செல்தான், போர்ட் பண்ண கடை வாசல்ல நின்ன கூட்டம் ஞாபகம் இருக்கும். காலைல ஆறு மணிக்கு என் ஃபோன் அடிக்க ஆரம்பிச்சது, ராத்திரி வரைக்கும் நிக்கல. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், முட்டையை எல்லாம் ஒரே கூடைல போட்டது நான். ரெண்டு பைக், மூணு பேரு, நாலு மாசம், ஒவ்வொரு மோட்டார் ரூமா போயி சிம் மாத்தினோம். கெணறு எதுவும் ரோட்டு மேல இருக்காதுங்க.

மாத்தி முடிச்சு மூச்சு விடறதுக்குள்ள அந்த வருஷக் கடைசில மினிமம் ரீசார்ஜ் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இன்கமிங் மட்டும்னா சிம் சும்மாவே உயிரோட இருக்கும், எங்க பிசினஸே அந்த ஒத்தைக் கால்ல நின்னுச்சு. இப்ப 28 நாளைக்கு 35 ரூபா. வருஷத்துக்கு 13 தடவை, ஒரு பொட்டிக்கு 455. பெருக்கிப் பாருங்க, அஞ்சு லட்சத்துக்கு மேல, வித்து முடிஞ்ச பொருளுக்கு. 2019 ஆடில ஷட்டரை இறக்கிட்டோம்.

அம்மாவோட 22 பவுன் அடமானம், அப்பா கையெழுத்துல பேங்க் லோன் 12 லட்சம், பார்ட்னர் வீட்ல 9 லட்சம். லோன் போன வருஷம்தான் முடிஞ்சுது. இதுல எதைக் கொண்டாடறதுன்னு நீங்களே சொல்லுங்க.

--

விடாமுயற்சி_77 | செவ்வாய் இரவு 11:05

மனம் தளராதீர்கள் நண்பரே! எடிசன் பல முறை தோற்ற பின்னர்தான் பல்பு எரிந்தது! தோல்வி என்பது தள்ளிப்போன வெற்றி!! 💪

--

தறிக்காரன் | செவ்வாய் இரவு 11:09

எடிசன் வந்தாச்சா, சரி யாராச்சும் ஒரு டீ சொல்லுங்க.

அண்ணா எடிசனுக்கு லேப் இருந்துச்சு, சம்பளத்துக்கு ஆள் இருந்துச்சு, பின்னாடி பேங்க்காரங்க காசு போட்டிருந்தாங்க. இவரு அம்மா நகையை வெச்சிருக்காரு. ரெண்டும் ஒண்ணா?

--

ராத்திரி_டெப்ளாய் | புதன் காலை 12:31

மோட்டார் அண்ணா, முதல்ல உங்க எழுத்துக்கு நன்றி, ஆப் யாரும் திறக்கலங்கற வரில எனக்கே கன்னத்துல விழுந்த மாதிரி இருந்துச்சு, நானும் அதே வேலையைத்தான் இப்ப செஞ்சுட்டு இருக்கேன்.

ஆனா கொண்டாட எதுவுமே இல்லனு சொல்றதுல எனக்கு ஒப்புதல் இல்ல. ஆபீஸ்ல டீமுக்குள்ள பேசிக்கற ஆப் ஸ்லாக், அதோட கதை தெரியும்ல. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் டீம் க்ளிட்ச்னு ஒரு ஆன்லைன் கேம் செஞ்சாங்க, 2011ல விட்டாங்க, ஓடல, 2012 டிசம்பர்ல மூடிட்டாங்க. அந்த கேமை செய்யும்போது டீமுக்குள்ள பேசிக்கறதுக்காக பழைய ஐஆர்சி சாட் மேல ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஒரு கருவி செஞ்சு வெச்சிருந்தாங்க, அதுதான் பின்னாடி ஸ்லாக், சேல்ஸ்ஃபோர்ஸ் 27.7 பில்லியன் டாலருக்கு வாங்குச்சு. அதுக்கு முன்னாடி அவரோட போட்டோ சைட் ஃப்ளிக்கரும் அப்படித்தான், அதுவும் வேற ஒரு கேம் செய்யப் போயி நடுவுல கிளம்பினது. அந்த மனுசனுக்கு கேம் மட்டும் வரவே இல்ல, ரெண்டு தடவையும் பக்கத்துல முளைச்சதுதான் வளந்துச்சு. கிரியேட்டிவிட்டிங்கறது இப்படித்தான் வருது, ஒண்ணை செய்யப் போகும்போது.

அப்புறம் எலான் மஸ்க்கோட ஸ்பேஸ்எக்ஸ் செஞ்ச ராக்கெட், ஃபால்கன் 1. 2006, 2007, 2008 ஆகஸ்ட்னு மூணு ராக்கெட் போச்சு. முதல்ல போனதுக்குக் காரணம் துருப்பிடிச்ச ஒரு அலுமினிய நட்டு. மூணாவதுல என்னன்னா இன்ஜினை அணைச்ச பிறகும் கொஞ்சூண்டு உந்துவிசை மிச்சம் இருந்து, கழண்ட கீழ்ப்பகுதி மேல வந்து மேல் பகுதியை முட்டிருச்சு. அதுக்கு என்ன செஞ்சாங்க? அணைக்கறதுக்கும் கழட்டறதுக்கும் நடுவுல இருக்கற நேரத்தைக் கொஞ்சம் கூட்டினாங்க. அவ்வளவுதான். ரெண்டே மாசத்துக்குள்ள, செப்டம்பர் 28, நாலாவது ராக்கெட் மேல போயிருச்சு. தோத்த மூணும் இல்லாம அந்த நாலாவது இல்ல.

--

சம்பளம்_எங்க | புதன் காலை 8:15

இங்க நிறுவனர் கதை மட்டும்தான் ஓடும் போல. நான் மூணு ஸ்டார்ட்அப்ல எம்ப்ளாயியா இருந்தவன், ரெண்டு மூடிருச்சு. ஃபவுண்டர் தோத்தா மேடை போட்டு பேசக் கூப்பிடறாங்க, எம்ப்ளாயி தோத்தா ரெண்டு மாச சம்பளம் வராது, பிஎஃப் கட்டியிருக்க மாட்டாங்க, கம்பெனி பங்கு தர்றேன்னு குடுத்த ஈசாப் பேப்பரை வடை மடிக்க வெச்சுக்கலாம், அடுத்த இன்டர்வியூல "ஏன் ஆறு மாசம் கேப்"னு கேப்பாங்க. ரிஸ்க் எடுத்தவன்னு அவருக்குப் பேரு, ரிஸ்க்குனு தெரியாமலே எடுத்தவன் நான்.

@ராத்திரி_டெப்ளாய் ஸ்லாக் கதைல முக்கியமான எடத்தை விட்டுட்டீங்க. அந்த கேமை மூடினப்ப கைல காசு மிச்சம் இருந்துச்சு. முதலீட்டாளருக்குத் திருப்பித் தந்துடறேன்னு சொல்ற நிலைமைலதான் மூடினாங்க, அவங்கதான் வேணாம் வேற எதாச்சும் செய்னு சொன்னாங்க. வேலை போனவங்களோட விவரத்தை எல்லாம் கம்பெனி சைட்லயே போட்டு இவங்களை எடுத்துக்கோங்கன்னு ஆள் தேடிக் குடுத்தாங்க. காசு முழுசா காலியாகி, வாட்ச்மேன் சம்பளம் வரைக்கும் பாக்கி வெச்சுட்டு மூடியிருந்தா ஸ்லாக் வந்திருக்காது.

மோட்டார்_பொட்டி சார், தப்பா எடுத்துக்காதீங்க, நேரா கேக்கறேன். உங்ககிட்ட வேலை பாத்தவங்களுக்கு குடுத்தீங்களா?

--

மோட்டார்_பொட்டி | புதன் காலை 9:40

@சம்பளம்_எங்க கேட்டது நல்லதுங்க. இதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.

ஏழு பேர் இருந்தாங்க. ஆறு பேருக்கு கணக்கு முடிச்சோம். ஒரு தம்பி, டெக்னீஷியன், சிம் மாத்தற நாலு மாசமும் என்கூட பைக்ல வந்தவன், அவனுக்கு மூணு மாச சம்பளம் 42,000 குடுக்கல. அவன் கேக்கலைங்கறதால கடைசியா தள்ளிட்டே வந்தேன். கேக்கறவனுக்கு முதல்ல குடுத்தோம், கேக்காதவன் பாக்கி நின்னுருச்சு. 2021ல வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ்ல குடுத்தேன். வாங்கிட்டான், ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ஃபோன் பண்ணினா எடுக்கறதில்ல.

--

ஆடிட்டர்_அக்கா | புதன் காலை 11:20

ஈரோட்ல ஆடிட்டரா இருக்கேன். மோட்டார் தம்பி, உங்க அப்பா கையெழுத்துங்கற வரிலதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, ஏன்னா வாரத்துக்கு ஒரு கேஸ் இப்படி வருது.

பிரைவேட் லிமிடெட் எதுக்கு? கம்பெனி விழுந்தா வீடு தப்பிக்கறதுக்கு. ஆனா பேங்க்ல பர்சனல் கேரண்டில, அதாவது கம்பெனி கட்டலைன்னா நான் கட்டறேன்னு, கையெழுத்துப் போட்ட நிமிஷமே அந்தச் சுவத்துல நீங்களே ஓட்டை போட்டுடறீங்க. கம்பெனி போனாலும் கேரண்டி போகாது. இன்னொண்ணு செக். சப்ளையருக்கு தேதி போடாம செக் குடுத்து வெக்கறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம், அது திரும்பிருச்சுன்னா செக்ஷன் 138, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட வரலாம். சிலிக்கான் வேலில தோத்தா அடுத்த ரவுண்டு, இங்க தோத்தா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு வாய்தா. ஸ்டேஸில்லா ஞாபகம் இருக்கா, சென்னைல ஹோம்ஸ்டே புக்கிங், 2017 பிப்ரவரில நிறுத்தினாங்க, அடுத்த மாசமே விளம்பர ஏஜென்சி பாக்கி விவகாரத்துல நிறுவனர் கைதானாரு. யாரு பக்கம் நியாயம்னு நான் பேச வரல, ஒரு வியாபாரப் பாக்கி எவ்வளவு சீக்கிரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்னு சொல்றேன்.

அப்புறம் மூடறதுன்னா ஷட்டரை இறக்கறது இல்ல. ஆர்ஓசில, அதாவது கம்பெனி பதிவாளர்கிட்ட, பேரை நீக்கச் சொல்லி ஸ்ட்ரைக் ஆஃப் போடணும்.

--

கம்பெனி_தூங்குது | புதன் காலை 11:32

அக்கா ஒரு டவுட்டு. நம்ம கம்பெனி 2022ல இருந்து ஓடல, பேங்க்ல ஜீரோ, ஆர்ஓசி ஒண்ணும் ஃபைல் பண்ணல. பிரச்சனை இல்லதானே? 😬

--

ஆடிட்டர்_அக்கா | புதன் மதியம் 12:04

தம்பி உக்காந்துட்டு படி. வருஷக் கணக்கு ஒரு ஃபாரம், வருடாந்திர ரிட்டர்ன் ஒரு ஃபாரம். லேட் ஆனா ஒவ்வொண்ணுக்கும் நாளுக்கு 100 ரூபா, உச்சவரம்பு கிடையாது. ரெண்டு ஃபாரம் ஒரு வருஷம் லேட்டுன்னா 73,000. இது ஒரு வருஷத்துக் கணக்குக்கு மட்டும். தொடர்ந்து மூணு வருஷம் போடலைன்னா டைரக்டர் பதவிக்கே அஞ்சு வருஷம் தகுதி போயிரும், 2017ல லட்சத்துக்கும் மேல டைரக்டர்களை அப்படித்தான் தூக்கினாங்க. அதுல எத்தனை பேரு உன்னை மாதிரி "தூங்குது"னு விட்டவங்களோ. நாளைக்கே ஒரு ஆடிட்டரைப் பாரு.

--

கம்பெனி_தூங்குது | புதன் மதியம் 12:06

தூக்கம் போச்சு.

--

சேலத்துக்காரி | புதன் மதியம் 2:48

அமெரிக்காவுல சீட் ஃபண்டு, நமக்கு சீட்டு ஃபண்டு 😂 நான் நிஜமாவே ரெண்டு லட்ச ரூபா சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் ஆரம்பிச்சேன், ஸ்கூல் வேன் எங்க வருதுன்னு அம்மாங்களுக்குச் சொல்ற சர்வீஸ். பதினொரு மாசம். ஜிபிஎஸ் எல்லாம் நல்லாத்தான் வேலை செஞ்சுது, ஸ்கூல்காரங்க "நல்லா இருக்கு மேடம், ஆனா வேன் லேட்டுன்னு பேரண்ட்ஸுக்கு தெரிஞ்சா எங்களுக்குத்தானே திட்டு"னு சொல்லி எடுத்துட்டாங்க. காசு குடுக்கற ஆளுக்கும் பலன் அடையற ஆளுக்கும் சம்பந்தமே இல்லாத பிசினஸ்னு அப்பத்தான் மண்டைல ஏறுச்சு.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. நஷ்டம் ரெண்டு லட்சம், மாசாமாசம் சீட்டுக் கட்டி முடிச்சுட்டேன், ஒருத்தருக்கும் பாக்கி இல்ல. ஆனா வீட்ல இன்னைக்கு வரைக்கும் எதைப் பேசினாலும் "நீதான் கம்பெனி நடத்தினவளாச்சே"னு முடியும். என் தம்பி ஆன்லைன் ட்ரேடிங்ல நாலு லட்சம் விட்டான், அதைப் பத்தி பேச்சே இல்ல, "பையனுக்கு அனுபவம்". தோல்விக்கும் ஆம்பளை பொம்பளை இருக்குங்க.

--

பழைய_கோடர் | புதன் மாலை 6:30

2001ல சென்னைல ஐடி கம்பெனில ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்சுல உக்காந்திருந்த ஆளு நான், அதனால கொஞ்சம் பழங்கதை.

தொழில்நுட்ப ரிஸ்க் வேற, மார்க்கெட் ரிஸ்க் வேற, இதை நம்ம பசங்க குழப்பிக்கறாங்க. இரிடியம்னு மோட்டரோலா ஆரம்பிச்ச சாட்டிலைட் ஃபோன். 66 சாட்டிலைட்டு, 500 கோடி டாலர் செலவு, 1998 நவம்பர்ல சர்வீஸ் தொடங்குச்சு. இன்ஜினியரிங்ல அது ஒரு அதிசயம், பாலைவனத்துல நின்னு பேசலாம். 1999 ஆகஸ்ட்ல திவால். ஏன்? யோசிச்சது 1987ல, கட்டி முடிக்க பதினோரு வருஷம், அதுக்குள்ள சாதா செல்ஃபோன் டவர் ஊர் ஊரா வந்துருச்சு, இவங்க ஃபோன் செங்கல் சைஸ்ல 3,000 டாலர், கட்டடத்துக்குள்ள எடுக்காது. மொத்தத்தையும் இரண்டரைக் கோடி டாலருக்கு வேற ஆளுங்க வாங்கி கப்பல், ராணுவம், சுரங்கம்னு தேவைப்படறவங்களுக்கு மட்டும் வித்து ஓட்டினாங்க, அதே சாட்டிலைட்டுங்க பல வருஷம் ஓடுச்சு. மோட்டார் தம்பி, உங்க பொட்டி நல்ல பொட்டி, உங்க காலடில இருந்த சிம் கட்டணம் நகந்துருச்சு.

இன்னொரு கதை நம்ம ஊர்ல. ஜோஹோ அப்ப அட்வென்ட்நெட், 1996ல ஆரம்பிச்சது. நெட்வொர்க் கருவி செய்யற கம்பெனிங்களுக்கு சாஃப்ட்வேர் வித்தாங்க. 2001ல டெலிகாம் சரிஞ்சப்ப வாங்கற கம்பெனிங்களே காணாமப் போச்சு. வெளி முதலீடு வாங்காததால "ஆறு மாசத்துல வளத்துக் காட்டு, இல்லன்னா மூடு"னு கழுத்துல கத்தி வெக்க ஆள் இல்ல. கைல இருந்த காசுல ஆளுங்களை வெச்சுக்கிட்டு வேற என்னென்னவோ செஞ்சு பாத்தாங்க, அதுல மேனேஜ்இன்ஜின் வந்துச்சு, 2005ல ஜோஹோ ரைட்டர் வந்துச்சு. நான் பாத்த வரைக்கும் புத்திசாலித்தனம் அப்ப எல்லா கம்பெனிலயும் இருந்துச்சு, இன்னொரு தடவை முயற்சி பண்ண காசு எல்லார்கிட்டயும் இல்ல.

ஃபால்கன் கதையையும் அப்படித்தான் பாக்கணும். நட்டு துருப்பிடிச்சுதுன்னு தெரிஞ்சுக்க ஒரு ராக்கெட்டை எரிக்க முடியற ஆளுக்குத்தான் நாலாவது ராக்கெட்டு. பேபால் வித்த காசுல 10 கோடி டாலர் போட்ட ஆளு மஸ்க். எனக்கு முதல் ராக்கெட்டுக்கே வழி இல்ல.

--

ராத்திரி_டெப்ளாய் | புதன் இரவு 7:12

@பழைய_கோடர் அப்ப காசு இருக்கறவன் மட்டும்தான் கிரியேட்டிவா இருக்க முடியுமா சார்? இது என்ன நியாயம். அக்னிகுல் யாரு? ஐஐடி மெட்ராஸ்ல ஆரம்பிச்ச பசங்க, ஒரே துண்டா த்ரீடி பிரிண்ட் பண்ணின இன்ஜின், நம்ம ஸ்ரீஹரிகோட்டாலயே சொந்த ஏவுதளம், 2024 மே 30 பறந்துச்சு.

--

பழைய_கோடர் | புதன் இரவு 7:41

நல்ல உதாரணம் எடுத்தீங்க, அதுலயே பதில் இருக்கு. அது எத்தனை தடவை தள்ளிப் போச்சு பாத்தீங்களா? கடைசி நேரத்துல கவுன்ட்டவுனை நிறுத்தி நிறுத்தி, டிவில ஜனங்க "என்னப்பா இது"னு சலிச்சுக்கற அளவுக்கு. நிறுத்தினதால ராக்கெட்டு முழுசா இருந்துச்சு, மறுநாள் திறந்து பாக்க முடிஞ்சுது. இன்ஜினை ஒரே துண்டா பிரிண்ட் பண்றதும் அதே கணக்குதான், நூத்துக்கணக்கான பாகத்தை இணைக்கற வேலை இல்ல, மாத்தணும்னா ஃபைலை மாத்தி மறுபடி அடிச்சுக்கலாம். தப்பு பண்ற செலவைக் குறைச்சிருக்காங்க. காசு இருக்கறவன்னு நான் சொல்லல, ஒரு தப்புக்கு எவ்வளவு செலவாகுதுன்னு பாருங்கன்னு சொல்றேன்.

--

யாழ்_தேவ் | புதன் இரவு 9:03

வணக்கம் அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட சிம் கதையை வாசிக்க எங்கட 2022 தான் ஞாபகம் வந்தது. நாங்கள் மூண்டு பேர் சேந்து கடைக்காரருக்கு பில்லிங் செய்து குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள். வருமானம் ரூபாயில, சேர்வர் காசு டொலரில. மார்ச் மாதம் டொலர் 200 சொச்சத்தில இருந்து ரெண்டு மாதத்துக்குள்ள 360க்குப் போட்டுது. அதோட ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்கட கோட் பிழையில்லை, கடைக்காரரும் நல்ல ஆக்கள், நாடு காசு கட்டேலாது எண்டு நிக்குது, நாங்கள் என்ன செய்யிறது?

கடைசியில ஒரு காரியம் செய்தம். கரண்ட் இல்லாத நேரம் கடைக்காரர் கொப்பியில எழுதுறதை ஃபோனில படம் எடுத்து வைச்சு, பிறகு கரண்ட் வரேக்க ஏத்துற மாதிரி மாத்தினம். சேர்வரும் முழுநேரம் தேவையில்லை, இரவில ரெண்டு மணித்தியாலம் காணும். பில் மூண்டில ஒண்டாக் குறைஞ்சிட்டுது. இப்பவும் அப்பிடித்தான் ஓடுது. நல்ல காலத்தில எண்டா இது எங்களுக்குத் தோன்றியே இராது.

--

சம்பளம்_எங்க | புதன் இரவு 9:20

@யாழ்_தேவ் தம்பி இது சூப்பர். ஆனா "கஷ்டம் வந்தா கிரியேட்டிவிட்டி வரும்"னு யாராச்சும் போஸ்டர் அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், அதே 2022ல உங்க ஊர்ல மூடின கம்பெனிக்காரன் இந்த இழைல எழுத வரமாட்டான்.

--

யாழ்_தேவ் | புதன் இரவு 9:24

உண்மைதான் அண்ணை. எங்களோட சேந்து தொடங்கின ரெண்டு குழு இப்ப கனடாவில.

--

பொள்ளாச்சி_தென்னை | வியாழன் காலை 6:50

மோட்டார் அண்ணா ஒரு நிமிசம். உங்க பொட்டி பச்சைக் கலரா? மூடி மேல தென்னமரம் ஸ்டிக்கரு, உள்ள இடது மூலைல பாச்சை உருண்டை வெக்க ஒரு சின்னக் குழி?

--

மோட்டார்_பொட்டி | வியாழன் காலை 7:02

ஏனுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்??

--

பொள்ளாச்சி_தென்னை | வியாழன் காலை 7:10

இன்னும் ஓடுதுங்கண்ணா. ஆனைமலைப் பக்கம் எங்க தோப்புல. சிம் நாங்களே வாங்கிப் போட்டுக்கிட்டோம், அப்பா மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிக்கறாரு, திட்டிக்கிட்டே. ஏழு வருசத்துல ஒருக்காதான் இடி இறங்கி ஃப்யூஸ் போச்சு.

அந்தக் குழி எதுக்குன்னு அப்பாகிட்ட கேட்டேன், பல்லிக்குங்கறாரு. நான் நம்பல.

--

மோட்டார்_பொட்டி | வியாழன் காலை 7:55

காலங்காத்தால கண்ணு கலங்க வெச்சுட்டீங்க.

பல்லிக்குத்தாங்க. முதல் வருஷம் வந்த ரிப்பேர்ல பாதிக்குப் பாதி பல்லி. ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள கதகதன்னு இருக்கும், உள்ள போயி மோட்டாருக்கு கரண்டை ஒட்டி விடற கான்டாக்டர் மேல படுத்துக்கும், யாராச்சும் மிஸ்டு கால் குடுத்தா படக்குனு ஒட்டும், பல்லி நடுவுல சிக்கி, ரெண்டு பேஸ் ஷார்ட்டாகி போர்டோட கருகிரும். அந்த வாசம் இன்னும் எனக்கு மறக்கல. சந்து எல்லாம் சிலிக்கான் போட்டு அடைச்சோம், உள்ள வேர்த்து போர்டு துருப்பிடிச்சுது. வலை போட்டோம், எறும்பு வந்துச்சு. அப்புறம் காத்து தண்ணி போகாத சீல் வெச்ச பொட்டி வாங்கலாம்னா ஒண்ணு 340 ரூபா, லாபமே போயிரும். மூணு மாசம் மண்டையை உடைச்சோம். கோபில ஒரு பாட்டி, நாங்க பொட்டியைத் திறந்து வெச்சுட்டு முழிக்கறதைப் பாத்துட்டு வீட்டுக்குள்ள போயி பீரோவுல இருந்து பாச்சை உருண்டை ரெண்டு எடுத்துட்டு வந்து உள்ள போட்டுச்சு. "துணிக்குள்ளயே எதுவும் வராது, இதுக்குள்ள வருமா?" அவ்வளவுதான், நின்னு போச்சு. அடுத்த அச்சுல அதுக்குன்னு குழி வெச்சோம். மெக்கானிக்குங்க பல பேரு முன்னாடியே இதைத்தான் செஞ்சுட்டு இருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரியும், நாங்க யாரையும் கேக்கல.

ஆப்புக்கு ஒரு வருஷம், ரெண்டு டிசைனர் சம்பளம். குழிக்கு அச்சுக்காரருக்கு குடுத்த 1,500 ரூபா. எது மிச்சம் இருக்குன்னு பொள்ளாச்சிக்காரரு சொல்லிட்டாரு.

--

தறிக்காரன் | வியாழன் காலை 8:30

பேச்சு ரெடியாயிருச்சு அண்ணா. இதையே அங்க சொல்லுங்க. முடிஞ்சா கருகின போர்டு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

--

ஆடிட்டர்_அக்கா | வியாழன் காலை 9:15

பர்சனல் கேரண்டி பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க தம்பி. அதை யாரும் அந்த வயசுப் பசங்களுக்கு சொல்றதில்ல.

--

மோட்டார்_பொட்டி | அடுத்த வியாழன் இரவு 11:18

போயிட்டு வந்துட்டேன்.

போர்டு எடுத்துட்டுப் போனேன், பல்லி அச்சு இன்னும் அதுல இருக்கு. பசங்க சுத்தி நின்னு போட்டோ எடுத்தாங்க. கேரண்டி, செக், நாளுக்கு 100 ரூபா எல்லாம் சொன்னேன், முன் வரிசைல இருந்த பிரின்சிபால் முகம் கொஞ்சம் மாறுச்சு, "பசங்களை பயமுறுத்தாதீங்க சார்"னு அப்புறமா காபி குடிக்கும்போது சொன்னாரு. இருக்கட்டும்.

டெக்னீஷியன் தம்பி 42,000 கதையையும் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமான்னு வண்டில போகும்போதெல்லாம் யோசனை. சொன்னப்ப ஹால் அமைதியாயிருச்சு. கேள்வி நேரத்துல ஒரு பொண்ணு எந்திரிச்சு, "சார், அந்த அண்ணனைத்தானே இங்க பேசக் கூப்பிட்டிருக்கணும், அவருக்குத்தான் 1,140 மோட்டார் ரூமும் தெரியும்"னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல. வெளிய வந்து அவனுக்கு ஃபோன் பண்ணேன். எடுக்கல. வாட்ஸ்ஆப்ல அந்தக் கேள்வியை அப்படியே டைப் பண்ணி அனுப்பிருக்கேன். ரெண்டு டிக் விழுந்திருக்கு, நீலமாகல.

--

பொள்ளாச்சி_தென்னை | வெள்ளி காலை 6:35

அண்ணா, அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. எங்க பக்கம் 2ஜி சிக்னல் ரொம்ப மோசமாயிட்டு வருது, ஜியோ சிம் போட்டா பொட்டி எடுக்கவே மாட்டேங்குது. உள்ள இருக்கற மாட்யூலை மட்டும் மாத்த முடியுமா?

--

மோட்டார்_பொட்டி | வெள்ளி காலை 6:52

ஜியோவுல 2ஜியே கிடையாதுங்க, அதான் எடுக்கல. 4ஜி மாட்யூல் போடலாம், பின் எல்லாம் வேற எடத்துல வரும், நடுவுல ஒரு சின்ன போர்டு அடிக்கணும். பழைய லேஅவுட் ஃபைல் எங்கயோ ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு, தேடிப் பாக்கறேன். ஞாயித்துக்கெழமை அப்பா தோப்புல இருப்பாருங்களா?

--

பொள்ளாச்சி_தென்னை | வெள்ளி காலை 6:54

இருப்பாருங்கண்ணா. வாங்க. எளநீ வெட்டி வெக்கச் சொல்றேன். பக்கத்துத் தோப்புலயும் ரெண்டு பச்சைப் பொட்டி இருக்குதாம்.